தகுதியா, பிரதிநிதித்துவமா? வட அயர்லாந்துக் காவல்துறையில் நடந்தது

பிளவுபட்ட சமூகத்தில் அரசுப் பணிகளைத் தகுதி பார்த்து நிரப்புவதா, சமூகப் பிரதிநிதித்துவம் பார்த்து நிரப்புவதா என்ற கேள்விக்கு கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் எனப் பிளவுபட்ட வட அயர்லாந்தை வைத்து விடை சொல்வது பொருத்தம். அங்கு மக்கள்தொகையில் 40 விழுக்காட்டுக்கு மேல் இருந்த கத்தோலிக்கர்கள், 1990களின் இறுதியில் காவல்துறையில் ஏறத்தாழ 8 விழுக்காடே இருந்தனர். பிரிட்டிஷ் அரசியல்வாதி கிறிஸ் பேட்டன் தலைமையிலான காவல்துறைச் சீர்திருத்த ஆணையம் 1999இல் பரிந்துரைத்தபடி, 2001 முதல் 2011 வரை புதிய காவலர்கள் கத்தோலிக்கர் பாதி, பிறர் பாதி என்ற முறையில் சேர்க்கப்பட்டனர்.

அந்த முறை செயல்பட்ட வரிசையைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பித்த அனைவரும் ஒரே தேர்வுகளை எதிர்கொண்டு, அவற்றில் தேறியவர்கள் மட்டும் ஒரு பட்டியலில் வைக்கப்பட்ட பிறகே, அதிலிருந்து கத்தோலிக்கர் ஒருவருக்குப் பிறர் ஒருவர் என்ற கணக்கில் எடுத்தார்கள். ஆகவே தேர்வில் தேறாத எவரும் இதனால் உள்ளே வரவில்லை. ஆனால் தேறியும் இடம் கிடைக்காத புராட்டஸ்டன்ட் இளைஞர்கள் இருந்தார்கள்; அவர்களுடைய மனக்குறையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும், ஒரு சமூகமே புகார் கொடுக்கத் தயங்கும் காவல்துறையில், அந்தச் சமூகத்தின் நம்பிக்கையைப் பெறக்கூடிய ஆற்றலும் தகுதியின் ஒரு பகுதியே என்பது என் உறுதியான கருத்து. கத்தோலிக்கர் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டிய நிலையில் அம்முறை கைவிடப்பட்டது. அதன்பின் அந்தப் பங்கு பெரிதாக உயரவில்லை.