ஸ்கீமா ஒப்பிடும் டூலில் கனெக்ஷன் போடுவது: உங்கள் கேள்விகள்

திருப்பூர், கோவை பக்கம் பனியன் கம்பெனி, நூல் மில் டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்கிறேன். டெஸ்ட் சர்வரிலும் லைவ் சர்வரிலும் இருக்கும் டேட்டாபேஸ் அமைப்பை (ஸ்கீமா) ஒப்பிட்டுப் பார்க்கும் டூலில் கனெக்ஷன் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் போட்டிருக்கோமுங்க. சர்வர் மெஷினிலேயே உட்கார்ந்தால் கனெக்ட் ஆகிறது. என் லேப்டாப்பிலிருந்து போட்டால் சர்வரே கிடைக்கவில்லை என்கிறது. பாஸ்வேர்டு மாற்றியும் பார்த்துவிட்டேன்.

பாஸ்வேர்டை விட்டுவிடுங்கள் தம்பி, அதைக் கேட்கும் இடம் வரைக்குமே நீங்கள் இன்னும் போகவில்லை. எக்ஸ்பிரஸில் மற்ற மெஷின்கள் நெட்வொர்க் வழியாக உள்ளே வரும் டிசிபி/ஐபி ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்குங்கள். அங்கேயே ஐபி ஆல் பகுதியில் டைனமிக் போர்ட்டைக் காலியாக்கி, டிசிபி போர்ட்டில் 1433 கொடுத்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் ஃபயர்வாலிலும் அந்தப் போர்ட்டைத் திறக்க வேண்டும். அப்புறம் டூலில் சர்வர் பெயர், ஒரு கமா, 1433 என்று எழுதுங்கள். பலரும் பழக்கத்தில் கோலன் போட்டுவிடுகிறார்கள், அது வேலை செய்யாது.

கோவையிலிருந்து: புது லேப்டாப்பில் மட்டும் சர்ட்டிஃபிகேட்டை நம்ப முடியவில்லை என்று வருகிறதுங்க.

டூலை சர்வரோடு இணைக்கும் டிரைவர் புதிதாக இருக்கும். எஸ்க்யூஎல் சர்வருக்கு 2022இல் வந்த ஓடிபிசி டிரைவர் 18 முதல் என்க்ரிப்ஷன் தானாகவே இயங்குகிறது. ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் மட்டும் என்றால் ‘டிரஸ்ட் சர்வர் சர்ட்டிஃபிகேட்’டை டிக் செய்து சமாளிக்கலாம். இன்டர்நெட் வழியாகப் போகிற கனெக்ஷனுக்கு அதைச் செய்யாதீர்கள், முறையான சர்ட்டிஃபிகேட் போடுங்கள்.

ஈரோட்டிலிருந்து: மஞ்சள் மண்டிக் கணக்கு டேட்டாபேஸ் அண்ணா. கனெக்ஷன் டெஸ்ட் பாஸ் ஆகிறது. ஆனால் சோர்ஸில் (மாதிரியாக எடுக்கிற டேட்டாபேஸில்) சேமித்திருக்கிற புரொசீஜர்களை ‘இல்லை’ என்று காட்டுகிறது.

இதைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். டெஸ்ட் பாஸ் ஆனால் லாகின் உள்ளே போனது என்றுதான் அர்த்தம். எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு லாகினுக்கு உரிமை இல்லாத பொருள் (டேபிள், புரொசீஜர் மாதிரி) அதன் கண்ணில் படாது, எரரும் வராது. டூல் அது இல்லவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, டார்கெட்டில் (மாற்றப்போகிற டேட்டாபேஸில்) அதை அழிக்க டிராப் ஸ்கிரிப்ட் எழுதிவிடும். ஒரு மில்லில் எனக்கு இப்படித்தான் ஆனது. ஓட்டுவதற்கு முன் ஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்ததால் சம்பளப் புரொசீஜர்கள் தப்பின. அந்த லாகினுக்கு ‘வியூ டெஃபினிஷன்’ உரிமை கொடுங்கள். அவசரத்துக்கு எல்லா அதிகாரமும் உள்ள எஸ்ஏ லாகினைப் போட்டுவிடாதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க அவ்வளவு அதிகாரம் தேவையே இல்லை.

நாமக்கல்லிலிருந்து: மைஎஸ்க்யூஎல்லில் அதே யூசர், அதே பாஸ்வேர்டு. என் மெஷினிலிருந்து மட்டும் ஆக்சஸ் டினைடுங்க.

மைஎஸ்க்யூஎல்லுக்கு யூசர் பெயரும், எந்த மெஷினிலிருந்து வருகிறார் என்பதும் சேர்ந்ததுதான் ஓர் அக்கவுன்ட். லோக்கல்ஹோஸ்டுக்கு, அதாவது அந்தச் சர்வர் மெஷினுக்கு, மட்டும் உருவாக்கியிருப்பார்கள். உங்கள் ஐபிக்குத் தனியாக ஒன்று உருவாக்கச் சொல்லுங்கள்.

கோபியிலிருந்து: வீட்டிலிருந்து கிளவுடில் இருக்கிற போஸ்ட்கிரெஸ்ஸை ஒப்பிட வேண்டும் அண்ணா. 5432 போர்ட்டை எல்லோருக்கும் திறந்துவிடலாமா?

வேண்டாம் அம்மிணி. டூலில் எஸ்எஸ்ஹெச் டனல் (சர்வருக்குப் பாதுகாப்பான மறைவழி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்தப் பகுதியில் சர்வரின் எஸ்எஸ்ஹெச் விவரத்தையும், டேட்டாபேஸ் ஹோஸ்ட்டாக அந்தச் சர்வரையே குறிக்கும் 127.0.0.1 என்றும் கொடுங்கள். டேட்டாபேஸும் அதே சர்வரில் இருந்தால் இது போதும். 5432 வெளியே மூடியே இருக்கட்டும்.