பதிவில் இல்லாத தோடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்த 2020 மார்கழியில் கொரோனாவால் சங்கீத சபாக்கள் பூட்டிக் கிடப்பதால், கேட்ட கச்சேரிகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூரில் கேட்ட ஒரு தோடி ராகம் அவற்றில் முதலாவது. அன்று கண் கலங்கிவிட்டது. அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு அண்மையில் ஒரு நண்பரிடம் கிடைத்தது. தோடியை மட்டும் தேடி எடுத்துக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் கேட்ட தோடி அதில் இல்லை. இத்தனை காலம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேனா? உங்கள் நினைவில் நிற்கும் கச்சேரிகள் எவை? இணையக் கச்சேரிகளுக்குச் சீட்டு வாங்கலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் ஏமாறவில்லை என்றே நினைக்கிறேன். தோடியை மட்டும் தேடி எடுத்துக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்; விடை அந்த வரியிலேயே இருக்கிறது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்து, இன்றுவரை பெரும்பாலோர் பின்பற்றும் கச்சேரி முறையில், வர்ணத்தில் தொடங்கி விறுவிறுப்பான சில கீர்த்தனைகளைப் பாடிக் குரலையும் கேட்பவர் செவியையும் ஒருசேரப் பதப்படுத்திய பிறகே விரிவான ராகத்துக்கு வருவார்கள். தோடியின் காந்தாரம் அசைந்துகொண்டே இருக்கும் சுரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் சுருதியில் ஊறிய செவிக்குத்தான் அந்த அசைவின் நுணுக்கம் முழுமையாகப் பிடிபடும். அன்று அந்த ராகத்துக்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கழித்துவிட்டு, இன்று நேராகக் காந்தாரத்தில் போய் இறங்கியிருக்கிறீர்கள். தவிரவும், மேடை மைக்கிலிருந்து நேராக எடுக்கப்படும் பதிவுகளில் குரல் முன்னால் நிற்க, அரங்கம் அநேகமாகக் காணாமல் போய்விடும். முன்வரிசையில் யாரோ தம்மையறியாமல் சொன்ன ‘ஆஹா’வுக்குப் பாடகர் அதே பிடியை, அதாவது ராகத்தின் அதே சுரக்கோவையை, இன்னொரு முறை வேறு விதமாகப் பாடிக் காட்டியிருந்தால், பதிவில் இரண்டாவது பிடி மட்டும் காரணமில்லாமல் நிற்கும்.

நினைவு மிகைப்படுத்தாதா என்றால், மிகைப்படுத்தும்தான். அதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

என் நினைவில் நிற்கும் கச்சேரிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்த ஆண்டு என் நினைவு டி.என். கிருஷ்ணனை விட்டு நகர மறுக்கிறது. லால்குடி ஜெயராமனும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் 2013இல் மறைந்தபின் வயலின் மும்மூர்த்திகளில் எஞ்சியிருந்த அவரும் கடந்த நவம்பர் 2 அன்று, 92 வயதில், காலமானார். நீளமாக இழுத்த ஒரே வில்லில் ஒரு சொற்றொடரைத் தொடங்கி, நாதம் எங்கும் பிசிறாமல் முடித்து, அடுத்ததற்கு அவசரப்படாமல் அவர் விடும் அந்தச் சிறு இடைவெளிக்காகவே அவருடைய கச்சேரிகளுக்குப் போயிருக்கிறேன். ராகத்தைச் சுருக்கமாக வாசித்தார் என்று குறைபட்டவர்கள் உண்டு; சொல்லி முடித்ததைத் திரும்பச் சொல்லாதவர் என்பது என் கட்சி. கிறிஸ்துமஸ் சமயத்துக் கச்சேரிகளில், கடைசியில் வரும் சிறு உருப்படிகளான துக்கடாக்களுக்கிடையே, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிறிஸ்துமஸ் மெட்டை அவர் வாசிக்கத் தொடங்கினால், மங்களத்துக்கு முன்பே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர்கள்கூட மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

இன்னொன்று, ஒரு சிறிய சபாவில் நடந்தது. காம்போதி ராக ஆலாபனையின் நடுவில் மின்சாரம் போய், மைக்கும் விசிறியும் ஒருங்கே நின்றுவிட்டன. பாடகி பாட்டை நிறுத்தவில்லை. மேடையின் விளிம்புவரை நகர்ந்து வந்து உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார். வயலின்காரர் தாமும் நகர்ந்து, வில்லின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டார். கீர்த்தனை தொடங்கியபோது மிருதங்க வித்வான் இடப்பக்கத் தொப்பியை அநேகமாகத் தொடாமல், வலப்பக்க வலந்தலையில் விரல் நுனிகளால் மட்டும் வாசித்தார். பின்கட்டு கேன்டீனில் தோசைக்கல் சீறுவது கேட்டது. யாரோ போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கடைசி வரிசையில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் வந்து நடைபாதையிலேயே அமர்ந்தார்கள். சரணத்தின் பாதியில் மின்சாரம் திரும்பி ஒலிபெருக்கி அலறியபோது, ‘அணையுங்கள்’ என்று பல குரல்கள் சேர்ந்து சொன்னதை நான் வேறெந்தச் சபாவிலும் கேட்டதில்லை. இந்தக் கச்சேரியின் பதிவு இருக்க வழியே இல்லை, மைக்கே இல்லாதபோது.

சீட்டு வாங்குவது பற்றி. 2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்து போனபின்னும் சபாக்கள் திறந்தன, வித்வான்கள் நிவாரண நிதிக்காகவும் பாடினார்கள். இந்த ஆண்டு அதற்கும் வழியில்லை. அரங்குகளில் கூட்டம் சேர்வதே ஆபத்து என்பதால் மியூசிக் அகாதெமி உட்படப் பெரும்பாலோர் திரைக்குப் போயிருக்கிறார்கள். அவரவர் வீட்டிலிருந்து நேரலையில் சேர்ந்து பாடுவது தாளத்துக்கு ஒத்துவராது: இணையத்தின் தாமதத்தால் ஒருவர் போடும் தட்டு மற்றவருக்குப் பிந்திக் கேட்கும். காணொளி அழைப்புச் செயலிகளில் இன்னொரு விபரீதமும் உண்டு. இடைவிடாமல் ஒரே சீராக ஒலிக்கும் தம்பூராவை விசிறிச் சத்தத்தைப் போன்ற இரைச்சல் என்று முடிவு செய்து, அவை அதை வடிகட்டிவிடும்! ஆகவே காலியான அரங்கத்தில் எல்லோரும் ஒன்றாக அமர்ந்து பாடிப் பதிவு செய்த கச்சேரிகளையே தேர்ந்தெடுங்கள். ஒலி சில சபாக்களில் கிடைப்பதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் இறுதிக் கோர்வை, தாளத்தின் தொடக்கமான சமத்தில் வந்து விழுந்ததும், கைதட்ட ஆளில்லாத அந்த ஓரிரு நொடிகளில் கடம் வாசிப்பவர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் பாடகரைப் பார்ப்பதுதான் சங்கடமாக இருக்கிறது.

இருந்தும் சீட்டு வாங்குங்கள். பிரபலமான பாடகர்கள் சமாளித்துக்கொள்வார்கள். ஒரு சீசனின் வருமானத்தை நம்பி ஆண்டைத் திட்டமிடும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் தம்பூரா போடுபவர்களுக்கும் மார்ச் கடைசியிலிருந்து மேடையே இல்லை. வாங்கினால், வர்ணத்திலிருந்து கேளுங்கள், நடுவில் நிறுத்தி வைக்காதீர்கள். அந்த மயிலாப்பூர்ப் பதிவையும் ஒருநாள் மாலை தொடக்கத்திலிருந்து ஓடவிட்டுப் பாருங்கள். தோடி எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.