ஈசிஆரில் புதுச்சேரி வரை: முழங்கால் வலியுள்ள அப்பாவோடு எங்கே நிறுத்தலாம்?

வணக்கம். சென்னையிலிருந்து ஈசிஆர் எனப்படும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரே பகலில் புதுச்சேரி போக வேண்டும், அப்பாவுக்கு முழங்கால் வலி, பத்து வயது மகனுக்கும் அலுக்கக் கூடாது என்று கேட்டிருந்தீர்கள்.

மாமல்லபுரம் முழுவதையும் சுற்ற நினைக்காதீர்கள், வெயிலில் அப்பா தளர்ந்துவிடுவார். அதற்குச் சற்று முன்னால் வரும் சாளுவன்குப்பத்தில் நிறுத்துங்கள். யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகை பையனுக்குக் கட்டாயம் பிடிக்கும். பக்கத்திலேயே ஒரு பழைய முருகன் கோயில். 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட பாறைக் கல்வெட்டைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை தோண்டியெடுத்தது. பல்லவர் காலக் கட்டடத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கோயில் இருக்கிறது! இவ்வளவு பெரிய விஷயத்தைப் பலரும் காரில் கடந்து போய்விடுவதுதான் எனக்கு வருத்தம்.

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் மட்டும் போதும். அப்புறம் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை. உள்ளே சிற்ப வேலைப்பாடுள்ள பழைய கல்லறைகளைப் பாருங்கள்.

சாயங்காலத்துக்கு ஆலம்பரைக் கோட்டையை வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாக்கத்தில் கடல் பக்கம் திரும்ப வேண்டும். 1750இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்குக் கொடுக்கப்பட்ட கோட்டை, 1760இல் ஆங்கிலேயர் தகர்த்தார்கள். மிச்சமிருக்கும் மதில்மேல் பையனை ஏற விடாதீர்கள்.

வழியில் முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய். நாள் பார்த்துக் கிளம்புங்கள்.