பானை ஓடு சோறு போடுமா? ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வங்கித் தேர்வுக்குத் தயாராவாள் என்று நீங்கள் நினைத்திருக்க, பைசாந்தியப் பேரரசின் சட்டி பானைகளை ஆராயப் போகிறேன் என்கிறாள். "நம் ஊர்ப் பானையாக இருந்தாலாவது சரி, துருக்கியில் உடைந்து கிடக்கும் ஓட்டைப் பொறுக்கி என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கலாம். ஆனால் நேரே அங்கே போக வேண்டாம். ஓடு பார்க்கும் கையையும் கண்ணையும் இங்கே பழக்கிக்கொண்டு, உதவித்தொகையோ சம்பளமோ உறுதியான பிறகு கிளம்பட்டும். இதற்காகக் கல்விக்கடன் மட்டும் வாங்காதீர்கள்.

பிள்ளை எதில் மனதைப் பறிகொடுத்தாள் என்று தெரிந்தால் உங்களுக்குப் பாதி பயம் போய்விடும். பைசாந்தியம் என்பது கிழக்கு ரோமானியப் பேரரசு. இன்றைய இஸ்தான்புல்லான கான்ஸ்டான்டிநோபிள் 330இல் தலைநகரானது, 1453இல் ஒட்டோமான் துருக்கியரிடம் வீழ்ந்தது. அந்த ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பேரரசர்களையும் தேவாலயங்களின் தங்கப் பின்னணி ஓவியங்களையும்தான் பேசுவார்கள். அந்த ஊர்களில் சமைத்தவர்கள், விளக்கேற்றியவர்கள், சந்தையில் எடை போட்டவர்கள் பற்றி ஏடுகள் அதிகம் சொல்வதில்லை. அவர்கள் விட்டுச்சென்றது ஓடுதான்.

துருக்கிக் கடற்கரையை ஒட்டிய யாசியாடா தீவருகே 7ஆம் நூற்றாண்டில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது. 1961 முதல் 1964 வரை கடலடியில் அதை அகழ்ந்தார்கள். சரக்கு ஏற்றும் இருகைப்பிடி ஜாடிகள், அதாவது அம்போராக்கள், சுமார் 900 கிடைத்தன. கப்பலின் பின்பக்கத்தில் ஓடு வேய்ந்த சிறு சமையலறை, அடுப்பு, சமையல் பானைகள், சாப்பிடும் தட்டுகள் எல்லாம் இருந்தன. துலாக்கோல் ஒன்றில் கப்பல்காரர் ஜார்ஜியோஸ் பெயர் பொறித்திருந்தது. எந்த வரலாற்று நூலிலும் வராத ஒரு மனிதர், தன் எடைக்கோலால் நமக்குத் தெரிந்தவராகிவிட்டார். அதே துருக்கிக் கடற்கரையின் செர்ச்சே லிமானியில் 11ஆம் நூற்றாண்டில் மூழ்கிய இன்னொரு கப்பலில் ஏறத்தாழ மூன்று டன் கண்ணாடி இருந்தது. உருக்கி மறுபடி வார்ப்பதற்காக ஏற்றிய உடைசல் அது. லட்சக்கணக்கான சில்லுகளைப் பொருத்திப் பார்க்கவே பல ஆண்டுகள் ஆயின. இஸ்தான்புல்லில் ரயில் சுரங்கத்துக்காக 2004இல் யெனிகபியில் தோண்டத் தொடங்கியபோது பழைய துறைமுகமே வெளிப்பட்டது. 37 கப்பல்கள்! ஈர மண்ணில் புதைந்திருந்ததால் தோல் செருப்பும் மரச் சீப்பும்கூட அழியாமல் இருந்தன.

இதெல்லாம் கதை, வேலை எங்கே என்பீர்கள். வருகிறேன். அதற்குமுன் ஓடு பார்ப்பது ஒரு தொழில்திறன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். கண்ணாடிப் பூச்சுள்ள கிண்ணங்களைச் சூளையில் அடுக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க, இடையில் சின்ன மண் முக்காலி வைத்து அடுக்கும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பைசாந்தியக் குயவர்களிடம் பரவியது. கிண்ணத்தின் நடுவில் மூன்று சிறு வடுக்கள் தெரிந்தால், அந்தத் துண்டு ஏறக்குறைய அந்தக் காலத்தையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்தது. கல்வெட்டும் நாணயமும் இல்லாத குழியில் அந்த மூன்று வடுக்கள்தான் தேதி சொல்லும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. கும்மட்டி அடுப்பையும் குழம்புக் கிண்ணத்தையும் ஒரே மண்ணில் சேர்த்து வனைந்தது போன்ற ஒரு பாத்திரம் 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அங்கே புழங்கியது. கீழே கங்கு, மேலே சூடாக இருக்கும் சாறு. மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் 'காரோஸ்' என்ற சாற்றை அவர்கள் விரும்பி உண்டார்கள். 968இல் தூதராகப் போன கிரெமோனா நகரத்து ஆயர் லியுட்பிராண்ட் அதைப் பற்றி முகம் சுளித்து எழுதியிருக்கிறார். அந்தப் பாத்திரத்தின் ஒரு விளிம்புத் துண்டு கையில் கிடைத்தால், ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையே கண்முன் வரும். உங்கள் மகளுக்கு அதுதான் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

செய்ய வேண்டிய வேலையும் நிறைய இருக்கிறது. கிரேக்கத்தில் பழைய தலைமுறை அகழாய்வாளர்கள் பலர் செவ்வியல் காலத்தை எட்டும் அவசரத்தில் மேலே இருந்த பைசாந்திய அடுக்குகளை வேகமாகத் தோண்டித் தள்ளினார்கள். ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலான அகோராவில் கிடைத்த அக்காலப் பானைகளை ஆலிசன் ஃபிரான்ட்ஸ் என்ற பெண்மணி 1938இல் ஒழுங்குபடுத்தி வெளியிட்டார். இஸ்தான்புல்லின் சரச்சானே பகுதியில் 1960களில் கிடைத்த பானைகளை வகைப்படுத்தி ஜான் ஹேய்ஸ் 1992இல் வெளியிட்ட பிறகுதான், தலைநகரின் பானைகளுக்கு உறுதியான கால வரிசை கிடைத்தது. தோண்டி முடித்துப் பதிப்பு வெளிவரக் கால் நூற்றாண்டு. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தத் துறை ஆகாது என்பதற்கும் இதுவே சான்று.

இனி வழி.

அவள் முதலில் இந்தியாவிலேயே தொல்லியல் எம்.ஏ. முடிக்கட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொன்மை வரலாறு மற்றும் தொல்லியல் துறை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல், தொல்லியல், கடல்சார் வரலாறு படிக்கலாம். புனே டெக்கான் கல்லூரியும் பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகமும் களப்பயிற்சிக்குப் பேர்போனவை. இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. இந்தியத் தொல்லியல் துறை அதிகாரி பணிக்கு யு.பி.எஸ்.சி. வழியும், மாநிலத் தொல்லியல் அலுவலர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. வழியும் ஆள் எடுக்கிறார்கள். யு.ஜி.சி. நெட் தேர்விலும் தொல்லியல் தனிப் பாடம். வெளிநாட்டுக் கனவு தள்ளிப்போனாலும் இந்த எம்.ஏ. கையில் இருந்தால் இந்தக் கதவுகள் திறந்திருக்கும். பைசாந்தியக் கலை வரலாற்றுப் பட்டம் மட்டும் வைத்திருந்தால் இங்கே விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம்.

நம் அகழாய்வில் ஓடு கழுவி, காயவைத்து, குறியீடு எழுதி, மண்ணின் தன்மை பார்த்துப் பிரித்து, எண்ணி, எடைபோட்டு, விளிம்பின் விட்டம் அளந்து, வெட்டுத்தோற்றம் வரையக் கற்றுக்கொள்வாள். கறுப்பு-சிவப்புப் பானையில் கற்ற கை கிரேக்கத்துக் கொரிந்து நகரப் பானையிலும் அப்படியே ஓடும். ஓட்டுத் துண்டை 0.03 மில்லிமீட்டர் மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் கனிமங்களைப் பார்த்து, மண் எந்த ஊருடையது என்று சொல்லும் முறையும் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். முடிந்தால் பாறை, கனிமம் படிக்கும் நிலவியல் (ஜியாலஜி) துறையில் ஒரு குறுகிய பயிற்சி எடுக்கட்டும்.

மொழிதான் இதில் உண்மையான செலவு. பணத்தைவிடக் கனமான செலவு. பழங்கிரேக்கம் கட்டாயம். அகழாய்வு அறிக்கைகளைப் படிக்க ஜெர்மனோ பிரெஞ்சோ வேண்டும். களத்தில் பேச நவீன கிரேக்கமோ துருக்கியமோ வேண்டும். இரண்டாம் ஆண்டிலேயே ஒன்றைத் தொடங்கினால்தான் எம்.ஏ. முடியும்போது விண்ணப்பம் எடுபடும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த பிள்ளைகளில் இந்த ஆசையைக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் மொழிக் கட்டத்தில்தான் நின்றார்கள்.

பிறகு வெளிநாடு. ஜெர்மனியில் மைன்ஸ், ஹைடல்பெர்க் போன்ற இடங்களில் பைசாந்தியத் தொல்லியலுக்கு நல்ல மரபு உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஹைடல்பெர்க் இருக்கும் மாநிலம் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1500 யூரோ வாங்குகிறது. ஓராண்டுச் செலவுக்கான பணத்தையும் வங்கியில் முன்கூட்டியே காட்ட வேண்டும். இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்கு இதில் நீண்ட பெயர் உண்டு, ஆனால் கட்டணம் அதிகம். நெதர்லாந்தின் லெய்டன், இஸ்தான்புல்லின் கோச் பல்கலைக்கழகம், சைப்ரஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் பார்க்கலாம். உதவித்தொகைக்கு ஜெர்மனியின் டாட் (DAAD), பிரிட்டனின் காமன்வெல்த், செவனிங், துருக்கி அரசின் திட்டம் என்று வரிசையாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் ஆண்டில் கிடைக்காவிட்டால் இங்கே களத்தில் வேலை பார்த்துக்கொண்டே அடுத்த ஆண்டு மறுபடி போடட்டும்.

அங்கே நிரந்தரப் பேராசிரியர் பதவிகள் மிகக் குறைவு. அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட மாட்டேன். ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சாலை போடுகிறவரும் கட்டடம் கட்டுகிறவருமே முன் அகழாய்வுக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. தொல்லியல் சின்னங்களைக் காக்க ஐரோப்பிய நாடுகள் செய்துகொண்ட 1992ஆம் ஆண்டு வலேட்டா உடன்படிக்கை அதற்கு வலு சேர்த்தது. அந்த நிறுவனங்களுக்குப் பானை நிபுணர், வரைவாளர், முப்பரிமாணப் பதிவு செய்பவர் தேவை. அருங்காட்சியகப் பதிவாளர், பாதுகாப்பாளர் வேலைகளும் உண்டு. பல ஒப்பந்த வேலைகள், ஓராண்டு, இரண்டாண்டு. வீட்டில் ஒரே வருமானம் அவளுடையதாகத்தான் இருக்கப்போகிறது என்றால், முதலில் அரசுத் தேர்வு எழுதி நிலைத்துவிட்டுப் பிறகு முனைவர் பட்டம் என்ற வரிசைதான் சரி.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பழம்பொருள் வியாபாரிகளுக்கு 'இது உண்மைப் பொருளா' என்று சான்று கொடுக்கும் வேலை எவ்வளவு பணம் தந்தாலும் வேண்டாம். திருட்டுத்தனமாகத் தோண்டிய பொருளுக்கு அது விலை ஏற்றிக் கொடுப்பதாகும். அந்த ஒரு கையெழுத்து அவள் பெயரைக் கெடுத்துவிடும்.

நம் ஊருக்கு என்ன பயன் என்றும் கேட்டீர்கள். அழகன்குளத்தில் 4, 5ஆம் நூற்றாண்டு ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன, இலங்கையிலோ ஏராளம். கான்ஸ்டான்டிநோபிளில் ஆட்சி நடந்த காலத்து வணிகம் அது. இந்தியாவில் ரோமானிய அம்போரா என்று எழுதி வைத்திருந்த துண்டுகள் பலவற்றை ரொபெர்ட்டா டோம்பர் என்ற ஆய்வாளர் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் கணிசமானவை மெசொப்பொத்தேமியப் பகுதியிலிருந்து வந்த வேறு வகை ஜாடிகள் என்று தெரிந்தது. கிழக்கு மத்தியதரைக் கடல் பானைகளைக் கையில் எடுத்துப் பழகியவர் நம் கிடங்குகளில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் மகள் அங்கே கற்றதை இங்கே கொண்டுவர முடியும்.

அடுத்த கோடை விடுமுறையில் அவள் ஒரு மாதம் ஏதாவது அகழாய்வில் தன்னார்வலராகச் சேரட்டும். கல்லூரி வரலாற்றுத் துறைத் தலைவரின் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். குழியில் நிற்பதைவிட, ஓடுகளைக் கழுவிப் பிரிக்கும் பானை முற்றத்தில் உட்காரக் கேட்கச் சொல்லுங்கள். நானும் இளவயதில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் நாள் முதுகு வலிக்கும், எல்லா ஓடும் ஒன்றுபோலத் தெரியும். இருபதாம் நாள் ஒன்று மட்டும் வேறாகத் தெரியும். அது அவளுக்குத் தெரிந்ததா, இல்லையா என்பதை வீட்டுக்கு வந்ததும் கேளுங்கள். தெரிந்தது என்றால், அவள் வரைந்த விளிம்புப் படங்களோடு இருவரும் என்னிடம் வாருங்கள். கிரேக்கத்தை எங்கே தொடங்குவது என்று அன்று பேசுவோம்.