அரிசிக்கு வாங்கிய கடன் அரிசிக்குப் போகவில்லை

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறோம். வீட்டுக்காரருக்கு வெல்டிங் பட்டறையில் வேலை, 22,000 ரூபாய் வருகிறது. நான் கார்மெண்ட்ஸில் தைக்கிறேன், கைக்கு 11,500. மகன் ஏழாவது, மகள் யுகேஜி. பால், கேஸ், காய்கறி எல்லாமே ஏறிவிட்டது. இருபதாம் தேதிக்கு மேல் அரிசி வாங்கக் கையில் காசு இருப்பதில்லை. பதினான்கு மாதமாக ஒரு கடன் ஆப்பில் மாதாமாதம் 8,000 எடுத்துச் சமாளிக்கிறேன். ராத்திரி பிள்ளைகளுக்கும் அவருக்கும் போட்டுவிட்டு, நான் கஞ்சித் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுகிறேன். அவருக்கு இது தெரியாது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாமியாருக்கு மாதம் 3,000 அனுப்புகிறோம். கொழுந்தனின் பைக் தவணை 3,500 என் வீட்டுக்காரர் கணக்கிலிருந்து போகிறது. பக்கத்து வீட்டு அக்கா தினமும் நூறு ரூபாய்க்குப் போனிலேயே டிஜிட்டல் தங்கம் வாங்கிச் சேர்க்கிறார். நானும் ஆரம்பிக்கட்டுமா? மளிகையில் இன்னும் எதைக் குறைக்கலாம்? செலவுப் பட்டியல் இத்துடன் இருக்கிறது.

பதில்: மளிகையில் எதையும் குறைக்காதீர்கள். இன்று ராத்திரியிலிருந்து நீங்களும் சாப்பிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம் என்று சொல்லும் அளவுக்கு உங்கள் கடிதம் என்னை வருத்தப்பட வைத்தது.

விலைவாசியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், ஆப் கடனைப் பற்றி இரண்டே வரி. அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நந்தினி பால் லிட்டருக்கு 4 ரூபாய் ஏறியது. தினம் ஒரு லிட்டர் வாங்கும் உங்களுக்கு அது மாதம் 120 ரூபாய். அதே மாதம் கேஸ் சிலிண்டர் 50 ரூபாய் ஏறியது. இவை சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் ஆப்பில் 8,000 கேட்டால் பிராசசிங் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் பிடித்துக்கொண்டு 7,200தான் வருகிறது, முப்பதாவது நாள் 8,320 கட்டுகிறேன் என்கிறீர்கள். வித்தியாசம் 1,120 ரூபாய். பால் ஏற்றத்தைப் போல ஒன்பது மடங்குக்கு மேல்.

7,200க்கு மாதம் 1,120 என்றால், வருடத்துக்குக் கிட்டத்தட்ட 187 சதவீத வட்டி. பதினான்கு மாதத்தில் 15,680 ரூபாய் போயிருக்கிறது. 25 கிலோ அரிசி மூட்டை 1,500 என்று வைத்தால் பத்து மூட்டை. இவ்வளவு கட்டியும் அசல் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் சம்பளத்தில் அடைத்துவிட்டு இருபதாம் தேதி அதையே திரும்ப எடுக்கிறீர்கள்.

சரி, ஏன் எடுக்க வேண்டியிருக்கிறது? உங்கள் பட்டியலையே பாருங்கள். வாடகை, தண்ணீர் 10,500. பள்ளிக்கூடம் 4,000. பெட்ரோல், போக்குவரத்து 2,500. கேஸ், போன் 1,500. ஆக 18,500. சாப்பாட்டுக்கு 10,000 என்று எழுதியிருக்கிறீர்கள், நான்கு பேருக்கு அது அதிகமே இல்லை. மொத்தம் 28,500. வருமானம் 33,500. அதாவது உங்கள் வீட்டை நடத்த உங்கள் சம்பளம் போதும்! ஊருக்குப் போகும் 6,500ஐச் சேர்த்தால்தான் 1,500 துண்டு விழுகிறது. ஆப்பின் 1,120ஐயும் சேர்த்தால் 2,620. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? உங்கள் தட்டிலிருந்து வருகிறது. பட்டியலில் 10,000 என்று இருக்கும் சாப்பாட்டுச் செலவு நிஜத்தில் 7,400 கூட இல்லை.

ஐந்தாம் தேதி பைக் தவணை போகிறது, இருபதாம் தேதி அரிசிக்குக் கடன் வாங்குகிறீர்கள். இடையில் பதினைந்து நாள் இருப்பதால் இரண்டும் வேறு வேறு என்று தோன்றுகிறது. நீங்கள் அரிசிக்குக் கடன் வாங்கவில்லை, 187 சதவீத வட்டிக்கு வாங்கிக் கொழுந்தனின் பைக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மாமியாருக்கான 3,000ஐத் தொட வேண்டாம். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் போகிற பணம் அது. ஆனால் கொழுந்தனுக்கு 24 வயது, ஓசூரில் கம்பெனி வேலை, 17,000 சம்பளம், கல்யாணம் ஆகவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "அப்பா இல்லாத பையன், நான்தானே பார்க்கணும்" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது புரிகிறது. தம்பியைத் தூக்கி வளர்த்தவருக்கு அவன் எப்போதும் சின்னப் பையன்தான். ஆனால் அவர் சாப்பிடுகிற நேரத்தில் மனைவி பட்டினி கிடப்பது அவருக்குத் தெரியாது. முதலில் அதைச் சொல்லுங்கள். பதினான்கு மாதக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள்.

தம்பியிடம் பேச வேண்டியது அவர்தான், நீங்கள் அல்ல. நீங்கள் பேசினால் "அண்ணி பிரிக்கிறாள்" என்று ஆகிவிடும். போனில் வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே போய் அம்மா முன்னால் பேசட்டும். கடன் உங்கள் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் தவணையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெட்டுப்போவது அவருக்குத்தான். மாதம் மூன்றாம் தேதிக்குள் தம்பி 3,500 அனுப்ப வேண்டும். இரண்டு மாதம் பார்க்கலாம். முடியவில்லை என்றால் பைக்கை விற்றுக் கடனை முடிக்க வேண்டும். ஆர்சி அண்ணன் பெயரில்தானே இருக்கிறது. பைனான்ஸில் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, கட்டி முடித்து, தடையில்லாச் சான்று பெற்ற பிறகுதான் பெயர் மாற்ற முடியும். அந்த இரண்டு மாதமும் தம்பி அனுப்பாமல் போனால், குடும்பத் தலைவிக்குக் கர்நாடக அரசு தரும் கிருஹலட்சுமி 2,000 வரும்போது அதில் ஈடுகட்டுங்கள். அது சரியான தேதிக்கு வருவதில்லை என்கிறீர்கள், அதனால் மாதச் செலவுக் கணக்கில் அதைச் சேர்க்கவே வேண்டாம்.

ஆப்பை முடிக்க உங்கள் 2 கிராம் மோதிரம் போதும். இன்றைய தங்க விலைக்கு ஒரு வங்கியில் 8,500 கிடைப்பதில் சிரமம் இருக்காது. வருடத்துக்கு 10 சதவீத வட்டி என்றே வைத்தாலும் ஐந்து மாதத்துக்கு 350 ரூபாய் சுற்றித்தான் ஆகும், மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் தனி. தம்பி தன் தவணையைக் கட்டினால் உங்களுக்கு மாதம் 2,000 மிஞ்சும். ஐந்தாவது மாதம் மோதிரம் திரும்ப வந்துவிடும். அடகுக் கடைக்குப் போகாதீர்கள், மறு அடகும் வைக்காதீர்கள்.

டிஜிட்டல் தங்கமா? இப்போது வேண்டவே வேண்டாம். வாங்கும்போதே 3 சதவீதம் ஜிஎஸ்டி போய்விடும். டிஜிட்டல் தங்கம் தன் ஒழுங்குமுறைக்குள் வரவில்லை என்று, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2025 நவம்பரில் எச்சரித்தது. தினம் நூறு என்றால் மாதம் 3,000, அதற்கும் நீங்கள் ஆப்பில்தான் கடன் எடுப்பீர்கள். 187 சதவீதம் கொடுத்துக்கொண்டிருக்கும் வீட்டில் கடனை அடைப்பதை விட நல்ல முதலீட்டை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்ஐபி பற்றி அடுத்த வருடம் கேளுங்கள்.

சம்பளம் வந்த அன்றே அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டையை மாதத்துக்கு வாங்கிப் போடுங்கள். ஊருக்கு அனுப்புவது அதற்கு அடுத்த நாள்.

ஆப்பில் கடைசியாகக் கட்டியதும், கடன் கணக்கு முடிந்தது என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, போனில் அதற்குக் கொடுத்த அனுமதிகளை எடுத்துவிட்டு, ஆப்பையும் நீக்குங்கள். கடன் ஆப்கள் உங்கள் தொடர்பு எண்களைத் தொடக் கூடாது என்பது 2022 முதலே ரிசர்வ் வங்கியின் விதி. அப்படியும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு மிரட்டினால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் கொடுங்கள், ரிசர்வ் வங்கியின் சசேத் தளத்திலும் பதிவு செய்யுங்கள்.