புதுச்சேரியிலிருந்து முதுகுப்பையோடு துபாய்: இரண்டு நாள் போதுமா?

வெளிநாடு போகும் வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்கினால் கட்டுப்படியாகுமா, பணக்காரர் ஊராயிற்றே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். விசாவை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. நம் கத்திரி வெயிலையே தாங்குகிறவர்களும் அங்கே ஜூலையில் நடந்து சுற்ற முடியாது.

தங்குவதற்குப் பழைய ஊரான தேராவோ பர் துபாயோ பாருங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள கடற்கழியை ஆப்ரா என்ற மரப்படகில் கடக்க ஒரு திர்ஹாம்தான். நடுவில் இருக்கும் பலகையில் முதுகோடு முதுகாக உட்கார வேண்டும், பக்கத்தில் வேலை முடிந்து திரும்பும் ஆட்கள், முகத்தில் டீசல் வாடையும் உப்புக்காற்றும். நம் சுண்ணாம்பாற்றில் பாரடைஸ் பீச்சுக்குப் படகில் போகக் கொடுக்கும் காசைவிட இது குறைவு! பர் துபாய் பக்கம் இறங்கினால் அல் ஃபஹீதி என்ற பழைய பகுதியின் காற்றுக்கோபுர வீடுகள். மின்சாரம் வருவதற்கு முன்பு வீட்டைக் குளிர்வித்த ஏற்பாடு அது. என்னைக் கேட்டால் ஊரின் சுவையே இந்தப் பக்கம்தான்.

புர்ஜ் கலீஃபா? 828 மீட்டர் உயரக் கட்டடம். மேலே ஏற டிக்கெட் விலை அதிகம், கீழே நின்று அண்ணாந்து பார்க்கக் காசு வேண்டாம். அது போதும். சாப்பாட்டுக்குக் கராமா என்ற பகுதிக்குப் போங்கள், இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை.

அப்புறம் மெட்ரோ. 2009இல் தொடங்கியது, ஓட்டுநர் கிடையாது. நோல் கார்டு என்ற பயண அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தின் 1, 3ஆம் முனையங்களில் நிலையம் உண்டு, 2இல் இல்லை. ரயில் பெட்டிக்குள் எதையும் தின்னாதீர்கள், அபராதம் 100 திர்ஹாம்.