ஷோகேஸ்ல பறவைங்க: ஓவிய வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மயிலாப்பூர்ல தெரிஞ்சவங்க புடவைக் கடையோட சின்ன ஷோகேஸை மார்கழி மாசம் பூரா எனக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. 4 அடி அகலம், 5 அடி உயரம், ஒன்றரை அடி ஆழம், மேற்கு பாத்த கண்ணாடி. என்கிட்ட வாட்டர்கலர்ல வரைஞ்ச 25 பறவைப் படம் இருக்கு, பேப்பர்ல வெட்டி ஒட்டின பறவைங்க கொஞ்சம், அப்புறம் ஊர்லேருந்து எடுத்துட்டு வந்த தூக்கணாங்குருவிக் கூடு ஒண்ணு. இதையெல்லாம் எப்படி அடுக்குறதுன்னே தெரியல, சொல்லுங்களேன்.
(வாசகி, மந்தைவெளி)

பதில்: ரொம்ப சந்தோஷம்மா, மார்கழில மயிலாப்பூர்ல ஒரு ஜன்னல் கிடைக்கிறதெல்லாம் பெரிய விஷயம், காலைல கோயிலுக்குப் போறவங்க, சாயங்காலம் கச்சேரிக்குப் போறவங்கன்னு அந்த மாசம் முழுக்க தெருவுல ஆள் இருந்துட்டே இருக்கும். ஆனா அவங்க யாருக்கும் நின்னு நிதானமா பாக்க நேரம் இருக்காது, கைல பூக்கூடை, பின்னாடி ஸ்கூட்டர் ஹார்ன், பக்கத்துல ஆட்டோ. அதனால 25 படமும் வேண்டாம். 7, 8 போதும், அதுலயும் ஒண்ணு மட்டும் பெருசா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குறவங்களுக்கே என்ன பறவைன்னு தெரியுற மாதிரி இருக்கணும். மிச்சத்த வாரம் ஒரு தடவை மாத்தி மாத்தி வைங்க, தினமும் அந்தப் பக்கமா போறவங்க கவனிப்பாங்க.

அடுக்குறதுக்கு நான் சொல்ற ஒரே வழி, எந்தப் பறவை நிஜத்துல எந்த உயரத்துல இருக்குமோ அந்த உயரத்துலயே அத வைங்க. ஃப்ரேம் எல்லாத்தையும் ஒரே லைன்ல மாட்டினா காலண்டர் கடை மாதிரி ஆயிடும். கீழ தரைல மைனா, சருகைக் கிளறிட்டு கூட்டமா திரியுற தவிட்டுக்குருவி, தண்ணி ஓரமா அசையாம நிக்குற மடையான். அதுக்கு மேல செடி உயரத்துல தையல்சிட்டு, தேன்சிட்டு. அதுக்கும் மேல குறுக்கால ஒரு கருப்பு வயரைக் கட்டிவிட்டு கரிச்சானையும் மீன்கொத்தியையும் உக்கார வைங்க, நம்ம ஊர்ல அதுங்களுக்கு கரண்ட் கம்பிதானே கிளை. செம்மார்புக் குக்குறுவான் மரத்து உச்சிலேருந்து டொக் டொக்னு கூப்பிட்டுட்டே இருக்கும், ஆள் கண்ணுல சுலபமா படாது, அத மேல் மூலைல இலைக்கு நடுவுல பாதி மறைச்சு வைங்க, கண்டுபிடிக்கிற குழந்தை அம்மாவக் கையப் பிடிச்சு இழுத்துக் காட்டும். எல்லாத்துக்கும் உச்சில பேப்பர்ல செஞ்ச பருந்தும் பனை உழவாரனும் தொங்கட்டும். தூண்டில் நரம்புல கட்டுங்க, ஆனா ஒரே நரம்புல தொங்கவிட்டா ஏசி காத்துக்கு சுத்திட்டு முதுகக் காட்டும், ரெண்டு இடத்துல கட்டினா திரும்பாது.

எந்தப் பறவைய எடுக்குறதுன்னு நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். மக்காவ், டூக்கான் மாதிரி வெளிநாட்டுப் பறவைங்க எல்லாம் கலர்ஃபுல்லா இருக்கும்தான், பாத்துட்டு அழகா இருக்குன்னு போயிடுவாங்க. வீட்டுக் காம்பவுண்டு சுவர்ல தினமும் நடக்குற செண்பகத்த அந்த சிவப்புக் கண்ணோட வரைஞ்சு வச்சீங்கன்னா, "அட இது நம்ம வீட்டுப் பக்கம் வருமே"ன்னு நிப்பாங்க. அந்த நிக்குறதுக்குத்தான் நாம இவ்வளவு பாடுபடுறோம்.

இப்போ வெளிச்சம். பகல்ல வெளிய வெயில், உள்ள இருட்டு, அதனால கண்ணாடி முகம் பாக்குற கண்ணாடியாவே ஆயிடும், பின்னாடி கருப்புத் துணி போட்டா இன்னும் மோசம், படத்துக்கு பதிலா எதிர்ல நிக்குற பைக்தான் தெரியும். பின்னணிக்கு வெளுக்காத காடாத் துணி போடுங்க, பிரதிபலிப்பு அவ்வளவா உறுத்தாது. எல்இடி ஸ்ட்ரிப்ப மேல, கண்ணாடிய ஒட்டின சட்டத்துக்குப் பின்னாடி மறைச்சு, படத்தப் பாத்து அடிக்கிற மாதிரி ஒட்டுங்க. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கும்போது சிஆர்ஐ (நிறத்த எவ்வளவு நிஜமா காட்டும்ங்குற அளவு) 90க்கு மேல, வெளிச்சத்தோட நிறம் 4000 கெல்வின்னு (மஞ்சளும் இல்லாம நீலமும் இல்லாம நடுவாந்தர வெள்ளை) கேட்டு வாங்குங்க, மலிவான ஸ்ட்ரிப்ல மீன்கொத்தியோட நீலமும் கிளியோட பச்சையும் செத்துப் போயிடும்.

மேற்கு பாத்த கண்ணாடின்னு சொன்னீங்களே, அதுதான் எனக்குக் கவலை. மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா உள்ள வரும், சாதாக் கண்ணாடி சாயம் வெளுக்குறத முழுசா தடுக்காது. பூநாரை வரைஞ்சிருந்தீங்கன்னா அந்த ரோஸ் கலர் ட்யூப எடுத்து லேபிளப் பாருங்க. ஓபரா ரோஸ்னா வெயில்ல சீக்கிரம் வெளுக்கும், லேபிள்ல பிஆர் 83னு நிறமிக் குறியீடு (PR83) போட்டிருக்குற அலிசரின் கிரிம்சனும் அப்படித்தான். பிவி 19 (PV19) போட்ட குவினாக்ரிடோன் ரோஸ்னா தாங்கும். சந்தேகம் இருந்தா ஒரிஜினல கடைக்குள்ள நிழல்ல வச்சுட்டு ஜன்னல்ல நல்ல பிக்மென்ட் இங்க் பிரிண்ட் வைங்க, அதுல குறையொண்ணும் இல்ல. டிசம்பர் மழை ஈரத்துக்கு பேப்பர் அலை அலையா வளையும், அதனால எந்தப் படமும் கண்ணாடியத் தொடக்கூடாது, ரெண்டு இன்ச் இடைவெளி விடுங்க, மூலைல சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்க.

தூக்கணாங்குருவிக் கூடு மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம்மா. நமக்குக் காலியா தெரியுற கூட்டுல முட்டையோ குஞ்சோ இருக்கலாம், ஆண் குருவி பாதி கட்டிட்டு ஜோடிக்காகக் காத்துட்டு இருக்குற கூடாவும் இருக்கலாம். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையோட கூட்டக் கலைக்கிறதே வேட்டைக் கணக்குலதான் வருது. பாத்துட்டுப் போற நாலு பேர் "நாமளும் ஒண்ணு பறிச்சுட்டு வரலாம்"னு நினைச்சாக்கூட நாம வரைஞ்சதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும். பனை ஓலைக் கீத்துல நீங்களே ஒண்ணு பின்னுங்க, உங்க கைக்கு வரும்.

இன்னொண்ணு, எதிர்ல மரம் இருந்தா அந்த மரம் கண்ணாடில தெரிஞ்சு நிஜப் பறவை வந்து மோதும். ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டினா போதும்னு சொல்லுவாங்க, போதாது. வெளிப்பக்கம் 5 செ.மீ. இடைவெளில வெள்ளைப் பெயிண்ட் மார்க்கரால புள்ளி வைங்க. மார்கழியாச்சே, கோலப் புள்ளியாவே இருந்துட்டுப் போகட்டும், ஜன்னலுக்கும் அழகு.

கேள்வி: நெட்ல கிடைக்கிற போட்டோவப் பாத்து அப்படியே வரைஞ்சு டிஸ்ப்ளே பண்ணலாமா?
(வாசகர், வேளச்சேரி)

பதில்: கேக்காம பண்ணக்கூடாதுங்க. நம்ம சட்டத்துல போட்டோவுக்கு, எடுத்தவங்க ஆயுள் முழுக்கவும், அதுக்கப்புறம் 60 வருஷமும் காப்புரிமை உண்டு. எடுத்தவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்க, நிறைய பேர் சந்தோஷமா சரின்னு சொல்லுவாங்க, படத்துக்குக் கீழ அவங்க பேரப் போடுங்க. ஆனா வேளச்சேரில இருந்துட்டு நெட்ல தேடணுமா? பக்கத்துலயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், 2022ல ராம்சார் தளமா, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமா அறிவிச்ச இடம். குளிர்காலத்துல விடியக்காலைல ஒரு பைனாகுலரும் பென்சிலும் எடுத்துட்டுப் போங்க, தாழைக்கோழி நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் வாலச் சுண்டுறதும், நெடுங்கால் உள்ளான் தண்ணில கால எடுத்து வைக்கிறதும் போட்டோல வராது. முதல்ல கண்ணு, இறக்கைன்னு போகாம உடம்போட சாய்வு, கழுத்து வளைவு ரெண்டையும் ஒரே கோட்டுல பிடிங்க. பொங்கல் நாலு நாள்லயும் 2015லேருந்து பறவைக் கணக்கெடுப்பு நடக்குது, அதுல கலந்துக்கிட்டீங்கன்னா பக்கத்துல நிக்குறவங்களே ஒவ்வொண்ணா பேர் சொல்லிக் காட்டுவாங்க.

கேள்வி: கடை ஜன்னல்ல வைக்கிற படத்துல விலை எழுதலாமா அக்கா?
(வாசகி, குரோம்பேட்டை)

பதில்: தாராளமா எழுதலாம், ஆனா சின்னதா, ஒரு மூலைல. வித்தா கடைக்கு எவ்வளவு பங்கு, மழைத் தண்ணி உள்ள வந்து கெட்டுப்போனா யார் பொறுப்பு, எந்தத் தேதில எடுத்துக்கணும், இதையெல்லாம் முன்னாடியே ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கோங்க, தெரிஞ்சவங்கன்னா இன்னும் அவசியம். கடை லீவு நாள்ல சாவி யார்கிட்ட இருக்கும்னும் கேட்டு வச்சுக்கோங்க.